அதே மருந்தைக் குடித்தவர் சொன்னால்

மனநோய்க்கு மருந்து எடுக்கும் ஒருவரின் கிளினிக் கொப்பி உங்கள் வீட்டில் இருந்தால் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மருந்தின் பெயரும் அளவும் அடுத்து வர வேண்டிய திகதியும் இருக்கும். உடல் நிறை எழுதியிருக்கிறதா? இடுப்புச் சுற்றளவு? இரத்தத்தில் சீனி?

மனச்சிதைவு போன்ற கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முந்தியே இறந்துபோகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாம் உடனே தற்கொலையைத்தான் நினைக்கிறோம். ஆனால் கூடுதலான உயிர்களைக் கொண்டுபோவது மாரடைப்பும் நீரிழிவும் நுரையீரல் நோயும். இவற்றில் பெரும்பகுதி தடுக்கக்கூடியது என்பதுதான் மனதை உறுத்துகிறது.

மருந்துக்கும் இதில் பங்கு உண்டு. ஒலன்சபினும் குளோசபினும் குழம்பிய மனதைத் தெளிய வைக்கின்றன. அதே நேரம் மூளையில் பசியைக் கட்டுக்குள் வைக்கும் ஹிஸ்டமின், செரோடோனின் ஏற்பிகள் சிலவற்றை அடைத்தும் விடுகின்றன. தட்டு காலியான பிறகும் பசி அடங்காது. முதல் சில மாதங்களிலேயே நிறை ஏறத் தொடங்கிவிடும். மனநோய் மருந்துகளால் வரும் கைநடுக்கத்துக்குக் கொடுக்கும் பென்செக்சோல் வாயை வறள வைக்கும். வறண்ட வாய் இனிப்பாக எதையாவது கேட்கும்.

இலங்கையின் யட்டவத்தைப் பக்கம், இறப்பரும் மிளகும் வளரும் மேடுகளுக்கு நடுவே ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் கோதுமை மா ரொட்டி, நாள் முழுக்கச் சீனி போட்ட பிளேன்டீ. பையனுக்கு மத்தியானம் வரை தூக்கக் கலக்கம். வெளியே இறங்கினால் ஊர் பார்க்கிற பார்வை. அவனிடம் போய் “சீனியைக் குறை, தினமும் அரை மணி நேரம் நட” என்றால் எப்படி நடப்பான்? சொல்கிறவர் அந்தக் குளிசையை ஒரு நாளாவது விழுங்கிப் பார்த்தவரா?

அதே நோயோடு வாழ்ந்து தேறிய ஒருவர் வந்தால் பேச்சே வேறு. “தம்பி, நானும் இதே மருந்துதான் குடிச்சேன். எனக்கும் காலையில எழும்ப முடியல. அந்திக்கு வாரேன், கோயில் வரைக்கும் நடந்துட்டு வருவோம். தேத்தண்ணிக்கு மூணு கரண்டி போடுறத ரெண்டாக்கிப் பாரு.” சகதுணை என்பது இதுதான்.

இது உண்மையில் வேலை செய்கிறதா? நியூயோர்க், பிலடெல்பியா நகரங்களில் உதவி வீடுகளில் வாழ்ந்த 314 பேரிடம் தேறியவர்களே ஓராண்டு நடத்திய உணவு, நடை வகுப்புகளின் முடிவு 2021இல் வந்தது. அந்த வீடுகளை நடத்திய மூன்று நிறுவனங்களில் ஒன்றில்தான் நிறை குறிப்பிடும்படி குறைந்தது. மொத்தத்தில் வழக்கமான கவனிப்பைவிட மேலான பலன் இல்லை. இதை மறைக்கக் கூடாது. நிறை குறையவே குறையாது என்றும் இல்லை. மேரிலாந்தில் 291 பேருக்கு, பயிற்சி பெற்ற ஊழியர்கள் கூடவே நின்று உடற்பயிற்சியும் செய்வித்தபோது, 18 மாதத்தில் அந்தப் பயிற்சி இல்லாத மற்றத் தரப்பைவிட சராசரியாக 3.2 கிலோ குறைந்தது.

பிறகு தேறியவரால் என்ன பயன்? அட்லாண்டாவில் 80 பேரிடம் நடந்த சிறிய ஆய்வு ஒன்று இதற்குப் பதில் தருகிறது. தேறியவர்கள் நடத்திய வகுப்புக்கு வந்தவர்களில் 100க்கு 68 பேர் ஆறு மாதத்துக்குள் பொது வைத்தியரைப் பார்த்திருந்தார்கள். அந்த வகுப்பு இல்லாத மற்றத் தரப்பில் 52 பேர். தராசு முள்ளை அவர் அசைக்காமல் போகலாம், ஆளை வாசல் தாண்ட வைக்கிறார். என் கணக்கில் அதுவே பெரிது. மருந்தை மாற்றலாமா, நீரிழிவு மருந்தான மெட்போர்மினைச் சேர்க்கலாமா என்று வைத்தியர் யோசிப்பதற்கே அந்த ஆள் முதலில் அவர் முன்னால் போய் உட்கார வேண்டுமே!

கிராமத்தில் இதற்கு ஆள் கிடைக்குமா என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டின் திருப்போரூரைச் சொல்வேன். சென்னையின் ஸ்கார்ப் மனநல நிறுவனம் அங்கேயும், வேறு குழுக்கள் கோவாவிலும் சாத்தாராவிலுமாக, மனச்சிதைவு உள்ள 282 பேரிடம் நடத்திய ஆய்வு 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. மருத்துவப் படிப்பில்லாத ஊர்க்காரர்களைப் பழக்கி வீடு வீடாக அனுப்பினார்கள். அவர்கள் தேறியவர்கள் அல்லர், சாதாரண ஊழியர்கள். பலன் மிகத் தெளிவாகத் தெரிந்தது, சேவைகள் குறைந்த தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில்தான்.

தேறியவருக்கும் பயிற்சி வேண்டும், சம்பளமும் வேண்டும். புகைப்பதை விடச் சொல்வதையே எடுத்துக்கொள்வோம். புகையிலுள்ள வேதிப்பொருள்கள் ஈரலைத் தூண்டி குளோசபினை வேகமாகக் கரைக்க வைக்கின்றன. பீடியைத் திடீரென்று நிறுத்தினால் அதே அளவு குளிசை உடம்பில் அளவுமீறித் தேங்கிவிடும். தூக்கம் அழுத்தும், வலிப்புகூட வரலாம். விடத்தான் வேண்டும், வைத்தியருக்குச் சொல்லிவிட்டு விட வேண்டும்.

இலங்கையில் 2011 முதல் அரசு திறந்துவரும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் நிறை, பிரஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். அவை முதன்மையாக 35 வயதைத் தாண்டியவர்களுக்கானவை. மனச்சிதைவு பெரும்பாலும் இருபதுகளிலேயே தொடங்கி விடுகிறது. மருந்து தொடங்கிய நாளையே அந்த 35வது பிறந்தநாளாக எண்ணி இவர்களை உள்ளே விட வேண்டும். தனியாக வரிசையில் நிற்கக் கூசுகிற பையனுக்குப் பக்கத்தில் அந்தியில் கூட நடக்கிற அந்த அண்ணனும் நிற்கட்டும். பெயரைக் கூப்பிட்டதும் கொப்பியை விரித்து நீட்டி, “நிறையையும் இதுல எழுதிக் கொடுங்க மிஸ்” என்று அவரே கேட்கட்டும்.