நெருப்பு மலை அடிவாரங்கள் – 11: வீட்டுக்கு அடியில் ஒரு காடு

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம், ரெய்னியர் எரிமலை, அதிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் ஓர்ட்டிங் என்ற சிற்றூர், ஊரின் இருபுறமும் பியூயாலப், கார்பன் என இரண்டு ஆறுகள். போன வாரம் படித்தவர்களுக்கு இது போதும். மற்றவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளலாம்.

இந்த வாரம் ஓர்ட்டிங்கின் சாலை, பாலம், பணம் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். வருகிறேன். அதற்கு முன் மரங்கள்.

ஓர்ட்டிங்கில் புதுக் குடியிருப்புகளுக்காகப் பள்ளம் தோண்டியபோது, மண்ணுக்குள் பெரிய மரங்களின் அடிக்கட்டைகள் தட்டுப்பட்டன. ஒன்றிரண்டு அல்ல, ஒரு காடே கிடந்தது. டக்ளஸ் ஃபிர் மரங்கள், வேரூன்றிய இடத்தில் நின்றபடியே. சிலவற்றில் பட்டை கூட உரியவில்லை. களிமண் சேறு காற்றுப் புகாமல் மூடிவிட்டதால் மக்கவில்லை. பட்டை இருந்ததுதான் பெரிய அதிர்ஷ்டம். பட்டையை ஒட்டிய கடைசி வளையம், மரம் கடைசியாக வளர்ந்த ஆண்டினுடையது. மழை பெய்த ஆண்டில் வளையம் அகலமாகவும் வறண்ட ஆண்டில் ஒடுங்கியும் இருக்கும். இந்த வரிசையை, வயது தெரிந்த பழைய மரங்களின் வரிசையோடு பொருத்திப் பார்த்தால் புதைந்த மரம் செத்த காலம் பிடிபடும். பேட்ரிக் பிரிங்கிள் என்ற நிலவியலாளர் பல ஆண்டுகளாக இந்த மரங்களோடு மல்லுக்கட்டியவர். அவை செத்தது 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். எனக்கு இந்த வாரம் முழுக்க வேறு எதிலும் புத்தி போகவில்லை. படுக்கையறைக்கு அடியில் ஐந்நூறு ஆண்டுப் பழைய காடு இருக்கிறது என்று மனை விற்பவர் யாராவது சொல்லியிருப்பாரா?

காட்டைப் புதைத்தது லஹார் எனும் சேற்றுப் பெருக்கு. மலையின் மேற்குச் சரிவில் ஒரு பகுதி இடிந்து, பியூயாலப் ஆற்றின் வழியாக ஈரக் கான்கிரீட் போல உருண்டு வந்தது. இதில் வயிற்றைக் கலக்கும் சங்கதி, அப்போது மலை வெடித்ததற்குத் தடயம் இல்லை என்பது. எரிமலையின் சூடான அமில நீர் பாறையை உள்ளுக்குள்ளேயே களிமண்ணாக்கி வைத்திருந்தது. இற்றுப்போன பாறை சரிந்தது. வெடிப்பு என்றால் நடுக்கம், புகை என்று முன்கூட்டியே சில அடையாளங்களாவது தெரியும். சரிவு சொல்லிக்கொண்டு வர வேண்டியதில்லை.

அந்தச் சேறு வந்து படிந்த சமவெளி நல்ல விளைநிலம். பியூயாலப் பள்ளத்தாக்கில் பீருக்கான ஹாப்ஸ் பயிரிட்டு எஸ்ரா மீக்கர் என்பவர் பெரும் பணக்காரரானார், 1890-களில் பூச்சி விழுந்து எல்லாம் போயிற்று. பிறகு டாஃபோடில் பூக்கள் வந்தன. இன்றும் ஏப்ரலில் ஒரே நாளில் நான்கு ஊர்களில் நடக்கும் பூ ஊர்வலம் ஓர்ட்டிங்கில்தான் முடிகிறது. அதற்குத் தனி அத்தியாயமே எழுதலாம், ஆசிரியர் விடமாட்டார்.

பூத் தோட்டம் போய் வீடுகள் வந்தன. 1990-ல் ஓர்ட்டிங்கின் மக்கள் தொகை சுமார் 2,100. 2020-ல் 9,000-த்தைத் தாண்டிவிட்டது. நகரங்களில் வாடகை ஏற ஏற, மலை தெரியும் மலிவான வீடு யாரை இழுக்காது? ஊருக்கு உயிர்நாடியான நெடுஞ்சாலை மட்டும் இருவழிச் சாலை, எண் 162.

மறுபடியும் அப்படியொரு சேறு வந்தால் அதைக் கண்டறியும் வேலையில் குறை சொல்ல முடியாது. 1998-லேயே அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனமும் பியர்ஸ் கவுண்டி நிர்வாகமும் ஆற்றங்கரைகளில் அதிர்வுமானிகளைப் பதித்துவிட்டன. சேறு நகர்ந்தால் எச்சரிக்கை பறக்கும், சைரன் அலறும். ஊருக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு மணி நேரம், அதற்கும் குறைவாக இருக்கலாம். 2024 மார்ச்சில் அந்தப் பள்ளத்தாக்கின் பள்ளிகளிலிருந்து சுமார் 45,000 மாணவர்கள் வெளியேறும் ஒத்திகையில் கலந்துகொண்டார்கள். ஓர்ட்டிங் பிள்ளைகள் பேருந்துக்குக் காத்திருக்காமல் நடக்கிறார்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் சாலை நகராது என்று எல்லோருக்கும் தெரியும்.

என் ஆத்திரமே இங்கேதான். குடியிருப்புக்கு அனுமதி தரும்போதே, அத்தனை பேரும் ஒரு மணி நேரத்தில் மேட்டுக்கு ஏற வழி இருக்கிறதா என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். வழி இல்லையென்றால் முதலில் வழி, பிறகு வீடு. கார்பன் ஆற்றைத் தாண்டி மேட்டுக்குப் போக நடைபாலம் வேண்டும் என்று பெற்றோர்கள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே கேட்டுவருகிறார்கள். பாலத்துக்குப் பணம் தேடி அலைந்த காலத்தில் வீடுகள் மட்டும் தடையின்றி முளைத்தன. ஆபத்து தெரிந்தால் மட்டும் போதாது. கொலம்பியாவின் ஆர்மெரோ என்ற ஊரில் 1985 அக்டோபரிலேயே ஆபத்து வரைபடம் தயாராக இருந்தது. நவம்பர் 13 இரவில் லஹார் வந்தபோது ஊரோடு 20,000-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். மேட்டு நிலம் நடக்கும் தூரத்தில்தான் இருந்தது.

பாலத்துக்கு யார் பணம் தர வேண்டும், புது வீடு கட்டுபவரிடம் வசூலிக்கலாமா, மாநிலத்தின் 1990-ஆம் ஆண்டு வளர்ச்சி மேலாண்மைச் சட்டம் என்ன சொல்கிறது என்பதெல்லாம் அடுத்த வாரத்துக்கு. மரங்கள் இடத்தை அடைத்துக்கொண்டன.

(தொடரும்)