சாய்ந்த வெளிச்சத்தில் ஒரு மகன்

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது பேகூர். ஐ.டி. வேலைக்கு வந்த நம்மவர்கள் பலர் அந்தப் பக்கம் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். அங்குள்ள நாகேஸ்வரர் கோயிலில் சுமார் கி.பி. 890-ஐச் சேர்ந்த ஒரு பழங்கன்னடக் கல்வெட்டு உண்டு. கங்கர் காலத்துத் தலைவன் நாகத்தரனின் மகன் புட்டணன் ‘பெங்களூரு சண்டையில்’ இறந்தான் என்கிறது அது. கெம்பே கௌடர் 1537-இல் பெங்களூரில் கோட்டை கட்டுவதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தியது. சண்டையில் செத்த ஒரு பிள்ளையைப் பற்றிய வரியில்தான் இந்த மாநகரத்தின் பெயர் நம் கண்ணில் படுகிறது. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து, சில்க் போர்டு நெரிசலில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அவன் ஞாபகம்தான்.

அப்பனும் போரில்தான் போனான். பேகூரில் கிடைத்த இன்னொரு கல் இப்போது கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கங்க அரசன் எரெயப்பனின் ஆணைப்படி படையோடு போன நாகத்தரன், தும்பேபாடியில் யானைகளோடு மோதி உயிர்விட்டதை அது சொல்கிறது. செய்தி கேட்ட அரசன், இருகன் என்பவனுக்கு நாகத்தரன் பட்டத்தைக் கட்டி, பேகூர் வட்டார ஊர்களைக் ‘கல்நாடு’ என்று கொடுத்தான். தமிழ்க் கல்வெட்டுகளில் இத்தகைய கொடைக்கு உதிரப்பட்டி என்று பெயர். ரத்தத்துக்கு ஈடாக நிலம். வீரனின் வீட்டில் அடுப்பு அணையக் கூடாது என்ற கவலை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

ஓசூர் சாலையில் எல்லையைத் தாண்டி இறங்கினால் கிருஷ்ணகிரி, தருமபுரி, செங்கம் என்று வழிநெடுக இப்படி வீரர்களுக்கு நட்ட நடுகற்கள். பல ஊர்களில் அவை வேடியப்பன் என்ற பெயரில் சாமியாகிவிட்டன. எண்ணெயும் மஞ்சளும் பூசிப் பூசி எழுத்துகள் அடைபட்டுப் போயிருக்கும். ஆனாலும் அந்தப் பூசைதான் கல்லை வேலிக்கும் படிக்கட்டுக்கும் போகாமல் காத்தது என்பேன்.

ஆயிரம் வருடம் வெயிலிலும் மழையிலும் நின்ற எழுத்தை எப்படிப் படிக்கிறார்கள்?

பெங்களூரின் அடித்தளம் நைஸ் என்னும் பாறை. லால்பாக்கில் நாம் ஏறி நிற்கும் குன்று அதுதான். வயது சுமார் 300 கோடி ஆண்டு. அதில் குவார்ட்ஸும் பெல்ட்ஸ்பாரும் கலந்திருக்கின்றன. மழைநீர் பட்டுப் பட்டு பெல்ட்ஸ்பார் கொஞ்சம் கொஞ்சமாகக் களிமண்ணாக மாறி உதிரும், குவார்ட்ஸ் அசையாது. அப்படிப்பட்ட கல்லில் வழவழவென்று தேய்த்த முகம் சொரசொரப்பாகிவிடும். அப்புறம் உளி போட்ட கோடும் கல்லின் சொரசொரப்பும் ஒரே அளவாகத் தெரியும். எழுத்து அங்கேயேதான் இருக்கும், கண்ணுக்குப் பிடிபடாது.

வெளிச்சத்தைச் சாய்த்தால் பிடிபடும். இரண்டு மில்லிமீட்டர் ஆழமுள்ள கோட்டின் மேல் 45 பாகையில் ஒளி விழுந்தால் நிழலின் நீளமும் இரண்டு மில்லிமீட்டர்தான். அதே ஒளி கல்லை உரசுவது போல 10 பாகையில் வந்தால் நிழல் 11 மில்லிமீட்டருக்கு நீளும். கோடு அவ்வளவு அகலமில்லாவிட்டால் அதன் பள்ளம் முழுக்க இருட்டாகிவிடும். கல்வெட்டு தேடி அலைகிறவர்கள் காலையையும் மாலையையும் விரும்புவது இதனால்தான்.

மைப்படி எடுப்பது இன்னொரு வழி. நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டிப் பள்ளங்களுக்குள் இறக்கி, மேலே மை ஒற்றுவார்கள். மேடு கறுக்கும், எழுத்து வெள்ளையாக நிற்கும். இப்போது பெங்களூரு மிதிக் சொசைட்டி நகரத்துக் கல்வெட்டுகளை முப்பரிமாண ஸ்கேன் செய்துவருகிறது. ஸ்கேனர் கல்லின் மேடுபள்ளங்களை நுணுக்கமாக அளந்துகொள்ளும். பிறகு கணினித் திரையில் எந்தப் பக்கமிருந்தும் சூரியனை உதிக்க வைக்கலாம்.

வீரனுக்குக் கல் நடும் பழைய வழக்கம் நின்றுவிடவில்லை. நேரு கோளரங்கத்துக்கு எதிரேயுள்ள தேசிய ராணுவ நினைவகத்தில் சுமார் 75 அடி உயர ஒற்றைக் கல்லை நிறுத்தியிருக்கிறார்கள். நடுகல்லைக் கன்னடத்தில் சொல்வது போல, அதற்கும் வீரகல்லு என்றே பெயர். விடுதலைக்குப் பிறகு போர்களில் இறந்த வீரர்களின் பெயர்கள் அங்கே செதுக்கப்பட்டிருக்கின்றன.

ஊர்ப்பக்கம் போகும்போது ஏரிக்கரையிலோ வேலியோரத்திலோ வாள் பிடித்த உருவம் தெரிந்தால், பொழுது சாயும்வரை காத்திருங்கள். போன் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், முகத்தை உரசுவது போலப் பிடியுங்கள். முதலில் வாளின் நுனி தெரியும். பிறகு காலடி. கொஞ்சம் நகர்த்தினால், தலைக்கு மேலே எழுத்து வரும்.