கிருமியைக் கொல்வதா, அதன் வழியை மறிப்பதா?

பல்பொருள் அங்காடியில் சோப்பும் பினாயிலும் அடுக்கியிருக்கும் வரிசையில் நின்றால் ஓர் எண் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: 99.9 சதவீதம். கை கழுவ ஒரு புட்டி, தரை துடைக்க ஒரு புட்டி, துணி அலச ஒரு புட்டி, காய்கறி கழுவ ஒரு புட்டி. எல்லாமே அத்தனை கிருமிகளைக் கொல்வதாகச் சொல்கின்றன. அந்தப் புட்டிகளை வாங்கிவரும் வீட்டிலேயே இன்னொரு பேச்சும் நடக்கிறது: "பிள்ளை மண்ணில் புரண்டு வளரட்டும், அப்போதுதான் எதிர்ப்பு சக்தி வரும். ரொம்பச் சுத்தம் பார்த்துத்தான் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எடுத்ததற்கெல்லாம் அலர்ஜி."

ஒரு தரப்புக்குக் கிருமி என்றாலே எதிரி. மறு தரப்புக்குக் கிருமி என்றாலே மருந்து. இருவருமே எல்லாக் கிருமிகளையும் ஒரே கணக்கில் எழுதிவிடுகிறார்கள். நோய் பரவும் விதத்தை ஆராய்பவர்கள் கேட்கும் கேள்வி வேறு: எந்தக் கிருமி, எந்த வழியாக, எந்த நேரத்தில் உடலுக்குள் நுழைகிறது? அந்த வழியை அந்த நேரத்தில் மறிப்பதைத்தான் 'இலக்கு நோக்கிய சுகாதாரம்' என்கிறார்கள். லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த சாலி புளூம்ஃபீல்ட் போன்ற வல்லுநர்கள் பல ஆண்டுகளாக இதை வலியுறுத்திவருகிறார்கள். வீட்டுக்கு வீடு புரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

வியன்னாவில் ஒரு பாடம்

1847-ல் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள், மற்றொன்றில் மருத்துவச்சிகள். மருத்துவர்களின் பிரிவில்தான் தாய்மார்கள் பிரசவக் காய்ச்சலால் அதிகம் இறந்தார்கள். பிணக்கூறாய்வு மேசையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வரும் கைகளே காரணம் என்று இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவர் கண்டறிந்தார். குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவிய பிறகே உள்ளே வர வேண்டும் என்று விதித்தார். ஏப்ரல் மாதம் 18 சதவீதத்தைத் தாண்டியிருந்த இறப்பு, ஜூலையில் ஏறக்குறைய ஒரு சதவீதத்துக்கு இறங்கியது.

நோயை உண்டாக்குவது பாக்டீரியா என்று செம்மல்வைஸுக்குத் தெரியாது. லூயி பாஸ்டரும் ராபர்ட் கோக்கும் கிருமிக் கோட்பாட்டை நிலைநாட்டியது அதற்குப் பின்னர்தான். காசநோய்க் கிருமியை 1882-ல் அடையாளம் காட்டிய கோக், காலராவின் கிருமியைத் தேடி எகிப்துக்கும் அங்கிருந்து கல்கத்தாவுக்கும் வந்தார். செம்மல்வைஸ் கண்டது கிருமி வரும் வழியை மட்டுமே. உயிர்களைக் காப்பாற்ற அதுவே போதுமானதாக இருந்தது.

கிருமிக் கோட்பாடு பரவிய வேகத்தில் வணிகமும் அதைப் பற்றிக்கொண்டது. கார்பாலிக் அமிலம் சேர்த்த லைஃப்பாய் சோப்பு 1894-ல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. கண்ணுக்குத் தெரியாத எதிரி, அதை அழிக்க ஒரு பொருள் என்ற விளம்பர மொழி அப்போது பிடித்த இடத்தை இன்றும் விடவில்லை.

உடலே ஒரு குடியிருப்பு

உண்மையில் கிருமியற்ற உடல் என்று எவருக்கும் இல்லை. இஸ்ரேலின் வைஸ்மன் அறிவியல் நிறுவன ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட கணக்குப்படி, சராசரி மனித உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. உடலின் சொந்த செல்கள் சுமார் 30 லட்சம் கோடிதான். பாக்டீரியாக்களில் பெரும்பகுதி பெருங்குடலில் இருக்கிறது. நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தை அவை உடைக்கின்றன. சில வைட்டமின்களைத் தயாரிக்கின்றன. எதை எதிர்க்க வேண்டும், எதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நோயெதிர்ப்பு மண்டலத்தைப் பழக்குகின்றன. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் இடத்தை நிரப்பிக்கொள்வதால், தீங்கு செய்யும் கிருமிகள் எளிதில் வேரூன்ற முடிவதில்லை. உலகில் உள்ள நுண்ணுயிர் வகைகளில் மனிதனுக்கு நோய் தருபவை மிகச் சிறிய பகுதி மட்டுமே.

மண்ணில் புரளலாமா?

1989-ல் பிரிட்டனின் டேவிட் ஸ்ட்ரக்கன், 17,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களை ஆராய்ந்தார். அண்ணன், அக்காமார் அதிகமுள்ள குழந்தைகளுக்கு ஒவ்வாமைச் சளித் தொல்லை குறைவாக இருந்தது. சிறு வயதில் தொற்றுகள் வந்துபோவதுதான் பாதுகாப்போ என்று அவர் ஊகித்தார். 'சுகாதாரக் கருதுகோள்' என்று பெயர்பெற்ற இந்த ஊகம், 'சுத்தமே நோய்க்குக் காரணம்' என்று சுருங்கி மக்களிடம் பரவியது.

பின்னால் வந்த ஆய்வுகள் வேறு பக்கம் திருப்பின. தட்டம்மையோ வயிற்றுப்போக்கோ வந்துபோவதால் ஒவ்வாமையிலிருந்து காப்பு கிடைப்பதாகத் தெரியவில்லை. மனித இனத்தோடு நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்த, பெரும்பாலும் தீங்கற்ற நுண்ணுயிர்களின் பழக்கம்தான் நோயெதிர்ப்பு மண்டலத்துக்குத் தேவை என்று கிரஹாம் ரூக் 2003-ல் முன்வைத்த 'பழைய நண்பர்கள்' கருத்து இன்று வலுப்பெற்றிருக்கிறது. அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்ற இரண்டு வேளாண் சமூகங்களை ஒப்பிட்டு 2016-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இரண்டும் மரபணு அளவில் நெருங்கியவை, வாழ்க்கை முறையிலும் ஒத்தவை. ஆனால் ஆமிஷ் மக்கள் மாட்டுத் தொழுவத்தோடு ஒட்டி வாழ்கிறார்கள்; ஹட்டரைட் மக்கள் இயந்திரங்கள் நிறைந்த பெரும்பண்ணைகளை நடத்துகிறார்கள். ஆஸ்துமா ஆமிஷ் குழந்தைகளிடம் சுமார் 5 சதவீதம். ஹட்டரைட் குழந்தைகளிடம் 21 சதவீதம்.

எனவே குழந்தை தோட்டத்தில் விளையாடுவதும், ஆடு மாடுகளோடு பழகுவதும், தாய்ப்பால் குடித்து வளர்வதும், தேவையில்லாத ஆன்டிபயாடிக் தவிர்ப்பதும் நல்லவை. அதற்காகச் சாப்பாட்டுக்கு முன் கை கழுவுவதை நிறுத்த வேண்டியதில்லை. மலம் கலந்த மண்ணில் புரளும் குழந்தைக்குக் கிடைப்பது கொக்கிப்புழுவும் பேதியும்தான். அப்படி மீண்டும் மீண்டும் தொற்றுக்கு ஆளாகும் குடல் சத்தை உறிஞ்சும் திறனை இழக்கிறது. குழந்தை வளர்ச்சி குன்றுகிறது. மாட்டுத் தொழுவம் தரும் நன்மையைச் சாக்கடையிடம் எதிர்பார்க்க முடியாது.

99.9-க்குப் பின்னால் உள்ள கணக்கு

ஒரு பரப்பில் 10 லட்சம் பாக்டீரியாக்கள் இருந்து 99.9 சதவீதம் இறந்தால், ஆயிரம் மிஞ்சும். ஈரமும் சூடும் உணவும் கிடைத்தால் ஈ.கோலை போன்றவை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஆயிரம் மீண்டும் 10 லட்சமாக மூன்றரை மணி நேரம்கூட ஆகாது. மேலும் அந்த 99.9 என்பது ஆய்வகத்தில், குறிப்பிட்ட சில கிருமிகளை வைத்து, குறிப்பிட்ட நேரம் திரவத்தைத் தங்கவிட்டுப் பெற்ற முடிவு. அழுக்குத் தரையில் ஊற்றி உடனே துடைக்கும்போது அதே பலன் கிடைக்கும் என்று நம்ப இடமில்லை. காலையில் கிருமிநாசினி போட்டுத் துடைத்த தரையில் நாலு பேர் நடந்தால் மறுபடி பழைய நிலைதான். அதில் பெரிய ஆபத்தும் இல்லை. தரையிலிருந்து நேராக யாரும் வாயில் எடுத்துப் போடுவதில்லை. தவழும் குழந்தையுள்ள வீட்டில் மட்டும் தரைக்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

'ஆன்டிபாக்டீரியல்' சோப்பின் கதையும் இதையே காட்டுகிறது. டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 வேதிப்பொருள்களைப் பொதுமக்கள் பயன்படுத்தும் சோப்புகளில் சேர்க்கக் கூடாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016-ல் உத்தரவிட்டது. சாதாரண சோப்பையும் தண்ணீரையும் விட அவை மேலானவை என்பதற்கும், நீண்டகாலப் பயன்பாட்டில் பாதுகாப்பானவை என்பதற்கும் தயாரிப்பாளர்களால் சான்று காட்ட முடியவில்லை. கராச்சியின் குடிசைப் பகுதிகளில் நடந்து 2005-ல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு இன்னும் தெளிவானது. சோப்பு கொடுத்து, கை கழுவும் பழக்கத்தையும் கற்றுத்தந்த வீடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் நிமோனியா பாதியாகக் குறைந்தது. 15 வயதுக்குட்பட்டவர்களின் வயிற்றுப்போக்கும் பாதிக்கு மேல் குறைந்தது. சாதாரண சோப்புக்கும் கிருமிநாசினி சோப்புக்கும் பலனில் வேறுபாடு இல்லை.

காரணம் சோப்பு செயல்படும் விதத்தில் இருக்கிறது. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரோடு சேரும். மறுமுனை தண்ணீரை விலக்கி எண்ணெய்ப் பசையில் ஒட்டும். கையில் கிருமிகள் தங்குவது அந்தப் பசையில்தான். தேய்க்கும்போது பசை பெயர்ந்து, கிருமிகளையும் சேர்த்துக்கொண்டு தண்ணீரோடு போய்விடுகிறது. கொரோனா போன்ற வைரஸ்களின் கொழுப்பு உறையையும் சோப்பு கலைத்துவிடுகிறது. கையிலிருந்து கிருமி அகன்றால் போதும், அது செத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அதனால்தான் 20 விநாடியாவது தேய்க்கச் சொல்கிறார்கள். சானிடைசர் தண்ணீர் இல்லாத இடத்துக்கு நல்ல மாற்று. ஆல்கஹால் 60 சதவீதமாவது இருக்க வேண்டும். ஆனால் அழுக்குப் படிந்த கையில் அது சரியாக வேலை செய்யாது. வாந்தி, பேதியை உண்டாக்கும் நோரோவைரஸிடமும் அதன் திறன் குறைவு. அங்கெல்லாம் சோப்புதான்.

எப்போது, எங்கே?

2018-ல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியாவில் மலம் கழித்த பின் சோப்பு போட்டுக் கை கழுவும் குடும்பங்கள் 74 சதவீதம். சாப்பிடும் முன் சோப்பு போடுபவை சுமார் 36 சதவீதம் மட்டுமே. பெரும்பாலானோர் வெறும் தண்ணீரில் அலசிவிட்டு உட்காருகிறார்கள். சாப்பிட்டு முடித்து, எண்ணெயும் மசாலா வாடையும் போகத்தான் சோப்பைத் தேடுகிறோம். கையால் பிசைந்து உண்ணும் நமக்கு முறை தலைகீழாக இருக்க வேண்டும்.

வழியை மறிக்க வேண்டிய நேரங்கள் அதிகமில்லை:

- மலம் கழித்த பின், குழந்தையின் மலத்தைக் கழுவிய பின்
- சமைக்கும் முன், சாப்பிடும் முன், குழந்தைக்கு ஊட்டும் முன்
- பச்சை இறைச்சி, மீன், முட்டையைத் தொட்ட பின்
- இருமல், தும்மலைக் கையால் மறைத்த பின், மூக்கைச் சிந்திய பின்
- நோயாளியைக் கவனிக்கும் முன்னும் பின்னும்
- கால்நடை, செல்லப்பிராணி, குப்பை ஆகியவற்றைத் தொட்ட பின்

வீட்டுக்குள் அதிகக் கவனம் கேட்கும் இடம் கழிவறையைவிடச் சமையலறைதான். பச்சைக் கோழியைக் குழாயடியில் வேகமாகக் கழுவினால், அதிலுள்ள சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் கிருமிகள் சிங்க்கிலும் பக்கத்துப் பாத்திரங்களிலும் தெறிக்கும். கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் பாத்திரத்தில் நீர் வைத்து மெதுவாகக் கழுவி, பிறகு சிங்க்கையும் கையையும் சோப்பால் கழுவலாம். கிருமியைக் கொல்லும் வேலையை அடுப்புச் சூடு பார்த்துக்கொள்ளும். கோழி நறுக்கிய பலகையிலேயே கழுவாமல் வெங்காயமும் வெள்ளரியும் நறுக்குவதுதான் அபாயம். அவை அடுப்பேறாமல் தட்டுக்கு வருகின்றன. ஈரமாகவே கிடக்கும் பாத்திரம் தேய்க்கும் பஞ்சிலும் அடுப்படித் துணியிலும் கிருமிகள் பெருகும். துணியைக் கொதிநீரில் அலசி வெயிலில் காயப்போடுவதும், பஞ்சை அடிக்கடி மாற்றுவதும் எளிய தீர்வுகள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீருக்குள் விரல் படும்படி டம்ளரை விட்டு மொண்டால், காய்ச்சியது வீண். நீண்ட கைப்பிடி கரண்டியோ குழாய் வைத்த பானையோ அதைத் தடுக்கும்.

காற்றை மறந்த நாட்கள்

வழி தெரியாத சுத்தம் எப்படித் திசைமாறும் என்பதை 2020-ல் கண்டோம். பால் பாக்கெட்டைத் துடைத்தோம், காய்கறியைச் சோப்பு நீரில் ஊறவைத்தோம். ஏப்ரலில் திருப்பூர்ச் சந்தையில் கிருமிநாசினிச் சுரங்கம் அமைக்கப்பட்டது. பல ஊர்கள் அதைப் பின்பற்றின. மனிதர்கள் மீது கிருமிநாசினி தெளிப்பது பயனற்றது, தீங்கானது என்று மத்திய சுகாதார அமைச்சகம் அதே மாதம் அறிவுறுத்த வேண்டியிருந்தது. கிருமி பட்ட பரப்பைத் தொடுவதால் கோவிட் வரும் வாய்ப்பு ஒரு தொடுதலுக்குப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-ல் கணக்கிட்டது. காற்று வழியே பரவும் நோய்க்குத் தேவைப்பட்டது திறந்த சன்னலும் முகக்கவசமும். உலகின் காசநோயாளிகளில் ஏறக்குறைய கால்பங்கினர் வாழும் இந்தியாவில் இந்தப் பாடம் கோவிடோடு முடிந்துவிடக் கூடாது.

வழி தெரியாத பயம் கொடுமையாகவும் மாறும். அதே ஏப்ரலில் சென்னையில், கோவிடால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யச் சென்றவர்களை ஒரு கூட்டம் தாக்கியது. மண்ணுக்குள் புதைத்த உடலிலிருந்து நோய் பரவும் என்று அவர்களுக்குத் தோன்றியது. வீட்டு வேலைக்கு வருபவருக்குத் தனி டம்ளர் வைப்பதும் சுத்தத்தின் பெயரால்தான் நியாயப்படுத்தப்படுகிறது. அந்த டம்ளர் எந்த நோயையும் தடுப்பதில்லை. சோப்பு போட்டுக் கழுவிய எந்த டம்ளரும் எல்லோருக்கும் பொதுவானது.

வீட்டு வாசலுக்கு அப்பால்

உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டில், ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 4.4 லட்சம் குழந்தைகள் ஆண்டுதோறும் வயிற்றுப்போக்கால் இறக்கிறார்கள். 2020 நிலவரப்படி உலகில் 230 கோடிப் பேரின் வீட்டில் சோப்பும் தண்ணீரும் ஒருசேர உள்ள கை கழுவும் வசதி இல்லை. இந்த மரணங்களை எந்தப் புட்டியும் தடுக்காது. குடிநீர்க் குழாயில் சாக்கடை கலக்காமல் பார்ப்பதும், கழிவுநீரைச் சுத்திகரிப்பதும், தடுப்பூசி போடுவதும், மனிதரை இறக்காமல் இயந்திரத்தால் கழிவை அகற்றுவதும் அரசின், உள்ளாட்சியின் வேலைகள். அதைக் கேட்டுப் பெறுவது நம் வேலை.

அடுத்த முறை பிள்ளையின் பள்ளிக்குப் போகும்போது கழிவறைப் பக்கம் சென்று பாருங்கள். குழாயில் தண்ணீர் வருகிறதா, பக்கத்தில் சோப்பு இருக்கிறதா, சத்துணவுக்கு முன் குழந்தைகள் கை கழுவ நேரம் தருகிறார்களா? இல்லையென்றால் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் அதை முதல் கோரிக்கையாக வையுங்கள். ஒரு சோப்புக் கட்டியின் விலையில் நூறு பிள்ளைகளின் கையிலிருந்து வாய்க்குப் போகும் வழியை மறிக்க முடியும்.