மின்மினிக்கும் ஒரு சட்டம் வேண்டும்

போன மாதம் மகளைக் கூட்டிக்கொண்டு கோல சிலாங்கூர், கம்போங் குவாந்தானில் சம்பான் ஏறினேன். துடுப்புச் சத்தத்தைத் தவிர வேறு ஓசை இல்லை. கரையில் நின்ற பெரெம்பாங் மரம் ஒன்று தீபாவளி விளக்குச் சரம் மாதிரி ஒரே தாளத்தில் மின்னி மின்னி அணைந்தது.

"அப்பா, சுவிட்ச் எங்கே இருக்கு?" என்றாள். சிரித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி வீடு வரைக்கும் கூடவே வந்தது.

மின்மினி கரையோர ஈரமண்ணில் முட்டையிடும். புழு அங்குள்ள சிறு நத்தைகளைத் தின்று வளரும். வளர்ந்த பிறகுதான் பெரெம்பாங் இலைகளில் கூடித் துணை தேடி மின்னும். ஆகவே, மரத்தை மட்டும் விட்டுவைத்துவிட்டு, பின்னால் இருக்கும் நிப்பா, சாகோ புதர்களை வழித்துச் செம்பனை நட்டால் அடுத்த தலைமுறை மின்மினி பிறக்காது.

இந்த ஆற்றங்கரையை 2009இல் சிலாங்கூர் மாநிலம் பாதுகாப்பு மண்டலமாகக் கெஜட் செய்தது. நல்ல காரியம். ஆனால் அது மாநிலச் சட்டம். மாநில எல்லையோடு முடிந்துவிடும். பேராக்கில் கம்போங் டியூவிலும் நெகிரி செம்பிலானில் லிங்கி ஆற்றிலும் மின்னும் பூச்சிகளுக்கு இது பொருந்தாது.

நம் அரசியலமைப்பில் நிலமும் காடும் ஆறும் மாநிலங்களின் கையில் இருக்கின்றன. வனவிலங்குப் பாதுகாப்பை மத்திய அரசாங்கமும் மாநிலமும் பகிர்ந்துகொள்கின்றன. பூச்சி ஒருவர் பொறுப்பு, அது வாழும் கரை இன்னொருவர் பொறுப்பு என்றால் எப்படி? அகன்ற ஆறுகளின் இரு கரையிலும் 50 மீட்டர் ஒதுக்க வேண்டும் என்று வடிகால், நீர்ப்பாசனத் துறை சொல்கிறது. அது வழிகாட்டிதான், மாநிலம் கெஜட் செய்தால்தான் கரைக்குக் காவல்.

இது பூச்சியின் கதை மட்டும் இல்லை. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங்கில் கழிவு கலந்தபோது, சிலாங்கூர் ஆற்று நீரைச் சுத்திகரிக்கும் நான்கு நிலையங்கள் மூடப்பட்டன. சுமார் 12 லட்சம் இணைப்புகளுக்குத் தண்ணீர் இல்லை. அன்று வானொலியில் பாட்டுக்குப் பாட்டு நடுவே தண்ணீர் லாரி வரும் இடங்களை வாசித்துக்கொண்டிருந்தேன். "தம்பி, குழந்தைக்குப் பால் கலக்கக்கூடத் தண்ணி இல்லப்பா" என்று ஓர் அம்மா அழைத்துச் சொன்னார். என்னிடம் பதில் இல்லை.

அதற்குப் பிறகு மாநிலம் தண்டனையைக் கூட்டியது. 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் உச்ச அபராதம் 2024இல்தான் ஒரு கோடி வெள்ளியானது. குழாய் வறண்ட பிறகுதான் சட்டம் விழிக்க வேண்டுமா?

நாடாளுமன்றத்தால் முடியாத காரியம் இல்லை. தீபகற்ப மலேசியாவின் நில விவகாரங்களை ஒரே சீராக்க 1965இல் தேசிய நிலச் சட்டம் வந்தது. 1984இல் தேசிய வனச் சட்டம் வந்தது. அதன் 2022 திருத்தம், காட்டின் பாதுகாப்புத் தகுதியை நீக்குமுன் பொதுமக்கள் கருத்தைக் கேட்கச் சொல்கிறது. ஆற்றங்கரைக்கும் அப்படி ஒன்று வேண்டும்: எல்லா மாநிலத்துக்கும் பொருந்தும் ஒரே அளவு, மீறினால் தண்டனை, கரையைத் திருத்துமுன் மக்களிடம் கேள்வி.

என் தாத்தா பத்தாங் பெர்ஜுந்தையில், இன்றைய பெஸ்தாரி ஜெயாவில், பால்மரம் வெட்டியவர். லயத்து வாசலிலேயே மின்மினி பார்த்ததாகச் சொல்வார். என் மகளுக்கு அதைக் காட்ட நான் டிக்கெட் வாங்கினேன். அவள் பிள்ளைகளுக்கு என்ன மிச்சம் இருக்கும்?

அடுத்த முறை உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் கோயில் திருவிழாவுக்கோ தீபாவளி விருந்துக்கோ வந்தால், சாலை விளக்கைப் பற்றிக் கேட்கும்போது ஆற்றங்கரை விளக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள்.