கேம்பேடும் பற்றுச்சீட்டும்

அரிசிக்கும் கறிவேப்பிலைக்குமாக வாரந்தோறும் பாரிஸின் லாச்சப்பலுக்கு வந்துபோகும் நம்மவர் குடும்பங்களில், கணினி விளையாட்டில் மூழ்கிய பிள்ளை ஒன்றாவது இல்லாத குடும்பம் இன்று அபூர்வம். பரீட்சைப் பெறுபேற்றுக்காகவோ பிறந்தநாளுக்காகவோ தகப்பன் இருநூறு யூரோவுக்கு வாங்கிக்கொடுத்த கேம்பேட், பிள்ளைகளின் பேச்சில் ‘மனெத்’, எட்டு மாதத்தில் பழுதாகிப் பிளாஸ்டிக் பையொன்றில் சுற்றப்பட்டுக் கடைக்கும் வீட்டுக்குமாக அலைந்து, ஈற்றில் அலுமாரி மூலையில் ஓய்வு பெறுவதும் அபூர்வமன்று. பற்றுச்சீட்டு எங்கே என்று விசாரித்தால், “தெரிஞ்ச கடைதானே அண்ணை, சீட்டெல்லாம் ஆர் கேட்கிறது?” என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. தெரிந்த கடை என்பது சட்டத்தில் இடம்பெறாத வார்த்தை.

இன்னொரு வகைத் துன்பத்தில் சாதனத்துக்கு எந்தப் பழுதும் இல்லை. அதிலுள்ள வசதியொன்றைப் பிள்ளை பயன்படுத்தியதால், வருஷக்கணக்காகச் சேர்த்த விளையாட்டுகள் அடங்கிய கணக்கு ஒரே இரவில் தடைசெய்யப்படுகிறது. பெற்றோர் கேம்பேடை விற்ற கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறார்கள். சட்டம் துணைநிற்கும் இடத்தில் வாய்மூடி இருப்பதும், துணைநில்லாத இடத்தில் உரத்துப் பேசுவதும் நம்மவரிடம் தொற்றிக்கொண்ட வழக்கமாகிவிட்டது.

சாதாரண கேம்பேடில் எந்தப் பொத்தான் எந்தக் காரியத்தைச் செய்யும் என்பதைச் செய்தவர்களே நிர்ணயித்து அனுப்புகிறார்கள். நிரலாக்கத்தக்க கேம்பேடில் அந்த நிர்ணயம் வாங்கியவர் கைக்கு வருகிறது. பின்புறத்தில் நடுவிரலும் மோதிரவிரலும் தொடும் இடத்தில் மேலதிக விசைகள் இருக்கும்; கட்டைவிரலைக் குச்சியிலிருந்து எடுக்காமலே குதிக்கவும் குனியவும் அவை உதவும். குச்சியின் நுண்ணுணர்வைக் கூட்டலாம், குறைக்கலாம். ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒவ்வொரு அமைப்பைச் சாதனத்தின் ஞாபகத்திலேயே பதித்து வைக்கலாம். மைக்ரோசொஃப்ட்டின் எலீட், சோனி 2023 ஜனவரியில் வெளியிட்ட டுவல்சென்ஸ் எட்ஜ் ஆகியவை பெயர்பெற்றவை. பிரெஞ்சு நிறுவனங்களான நக்கோனும், திரஸ்ட்மாஸ்டர் என்ற பெயரில் விற்கும் கியெமோவும் இத்தகையவற்றைச் செய்கின்றன.

இதன் நன்மையைக் குறைத்துப் பேசுவது நியாயமன்று. போரில் விரல்களையோ ஒரு கையின் வலுவையோ இழந்து இந்நகரத்துக்கு வந்தவர்கள் நம்மிடையே உண்டு. பகல் முழுவதும் ரெஸ்டோரன்ற் சமையலறையில் கோப்பை கழுவி, மணிக்கட்டு வலியோடு நள்ளிரவில் வீடு திரும்பி, அரைமணி நேரம் விளையாடி இளைப்பாற விரும்பும் இளைஞர்களும் உண்டு. அவர்களுக்கு எட்டாத பொத்தானை எட்டும் விரலின் கீழ்க் கொண்டுவந்து வைப்பது ஆடம்பரமாகாது. அங்கக்குறைபாடு உள்ளவர்களுக்கென்றே மைக்ரோசொஃப்ட் 2018இல் தனிக் கருவி ஒன்றை வெளியிட்டதும், சோனி 2023இல் அவ்வழியில் வந்ததும் இந்த அவசியத்தை உணர்ந்தே. ஆனால் கணினியில் விளையாடும் ஆரோக்கியமான ஒருவருக்கு முதலில் ஒரு புத்திமதி: ஸ்டீம் தளத்தில், வீட்டிலுள்ள சாதாரண கேம்பேடின் பொத்தான்களையே இஷ்டப்படி மாற்றியமைக்கும் வசதி செலவில்லாமல் கிடைக்கிறது. அதைச் சில நாட்கள் பரீட்சித்துப் பார்த்து, பின்விசைகள் உண்மையில் வேண்டுமென்று கண்டபிறகு பணத்தை எடுத்தால் போதும்.

அபாயம் தொடங்குமிடம் மேக்ரோ. ஒரு பொத்தானை ஒருமுறை அழுத்தினால், முன்பே பதிந்துவைத்த பத்துச் செய்கைகளை மனித விரலால் இயலாத துல்லியத்தில் சாதனமே செய்து முடிக்கும். சுடும்போது துப்பாக்கி மேலெழுவதைத் தானாகக் கீழிழுத்துச் சமன்செய்வதும் இவ்வகையே. தனியாக விளையாடுபவர் இதைச் செய்தால் கேட்பாரில்லை. இணையத்தில் பிறரோடு மோதும் விளையாட்டில் செய்தால் அதற்கு மோசடி என்று பெயர். கோல் ஒஃப் டியூட்டி விளையாட்டின் ரிக்கோஷே காவல்முறை, குரோனஸ் ஸென், ஸிம் போன்ற இடைக்கருவிகளைப் பயன்படுத்துவோரைக் கண்டறிந்து தண்டிக்கும் என்று 2023இல் அறிவிக்கப்பட்டது; அதே வருஷ நவம்பரில் மைக்ரோசொஃப்ட் தன் எக்ஸ்பொக்ஸ் யந்திரங்களில் அங்கீகாரமற்ற கருவிகளைத் தடுக்கத் தொடங்கியது; 2024 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம், கவுண்டர்-ஸ்ட்ரைக் 2இல் ஒரே அழுத்தில் பல செய்கைகளைச் செய்விக்கும் தானியக்கத்தை, விசைப்பலகை தயாரிப்பாளரே கொடுத்த வசதியாக இருந்தாலும், தன் சேவையகங்களில் ஒப்புக்கொள்வதில்லை என்று தீர்த்துச் சொல்லிவிட்டது. பெட்டியின்மேல் ‘மேக்ரோ’ என்று பெரிய எழுத்தில் விளம்பரம் செய்து கடையில் பகிரங்கமாக விற்கிறார்களே என்ற வாதம் எடுபடாது. விற்பது சட்டபூர்வமானதே, குறிப்பிட்ட விளையாட்டில் பயன்படுத்துவதுதான் அந்த விளையாட்டின் ஒப்பந்தத்தை மீறுகிறது.

ஆகவே பொத்தானை இடம்மாற்றுவது வேறு, ஒன்றைப் பத்தாக்குவது வேறு. முன்னதைப் பெரும்பாலும் எவரும் ஆட்சேபிப்பதில்லை; பின்னதை இணையப் போட்டிகளில் தொடவே வேண்டாம். பழைய கேம்பேடை ஒருவரிடமிருந்து வாங்கினால், முன்னைய சொந்தக்காரர் பதித்த மேக்ரோக்கள் அதன் ஞாபகத்தில் அப்படியே தங்கியிருக்கக்கூடும் என்பதையும் மறவாமல், முதல் காரியமாக அதைத் தொழிற்சாலை அமைப்புக்கு மீட்டுவிடுங்கள். அமைப்பு மென்பொருளை உற்பத்தியாளரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். நண்பன் அனுப்பிய இணைப்பு, காணொளியின் அடியில் கிடந்த இணைப்பு எதுவும் வேண்டாம்.

கணக்குத் தடைபட்டபின் என்ன பரிகாரம்? நம்பிக்கை மிகவும் சொற்பம். வாங்கிய விளையாட்டு நம் சொத்து என்று எண்ணுகிறோம்; ஸ்டீமில் வாங்கிய விளையாட்டை மறுவிற்பனை செய்யும் உரிமை கோரி யூஎஃப்சி-க்கே ஷுவாசீர் என்ற நுகர்வோர் சங்கம் தொடுத்த வழக்கில், 2019இல் பாரிஸ் நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் தீர்த்தது; 2022இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது; 2024இல் கசாசியோன் எனப்படும் உச்ச நீதிமன்றமும் சங்கத்தைக் கைவிட்டது. நாம் வாங்குவது பெரும்பாலும் விளையாடும் அனுமதியையே. இருப்பினும் தடை தவறென்று உண்மையாகவே கருதினால், அந்த நிறுவனத்தின் மேன்முறையீட்டுப் படிவத்தை முதலில் நிரப்பிவிட்டு, ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் 15ஆம் உறுப்பின்படி தன்னைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் தரவுகளை எழுத்தில் கோரலாம். ஒரு மாதத்துக்குள் அவர்கள் பதிலளிக்க வேண்டும். முடிவை யந்திரமே எடுத்திருந்தால், மனிதர் ஒருவர் மறுபரிசீலனை செய்ய வேண்டுமென்று 22ஆம் உறுப்பைச் சுட்டிக் கேட்கலாம். பதிலே வராவிடில் க்னில் என்ற தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு இணையத்தில் முறையிடலாம். மேக்ரோ போட்டதை ஒளித்துக்கொண்டு இந்தக் கடிதங்களை எழுதுவதால் பிரயோஜனமில்லை.

பழுதைப் பொறுத்தவரை நிலைமை நேர்மாறானது. இங்கே சட்டம் வாங்கியவரைக் கையில் ஏந்துகிறது; வாங்கியவர்தான் இறங்கி ஓடுகிறார்.

குச்சியைத் தொடாதபோதே திரையில் வீரன் தானாக நடக்கத் தொடங்குவது இச்சாதனங்களின் பிரசித்தமான வியாதி. குச்சியின் அடியில் கரிப்பூச்சுத் தடமொன்றின்மேல் உலோக நுனி உரசிச் செல்கிறது. ஆயிரக்கணக்கான அசைவுகளில் தடம் தேய, சாதனம் இல்லாத அசைவை இருப்பதாகக் காண்கிறது. விலை கூடிய கேம்பேடிலும் பெரும்பாலும் அதே பகுதிதான் இருக்கும். காந்தப்புலத்தால் இயங்கும் ஹால் உணரி பொருத்தியவற்றில் இந்த உரசல் இல்லாதபடியால், வாங்குமுன் அதைக் கேட்டறிவது புத்திசாலித்தனம். நிண்டெண்டோவின் ஜோய்-கொன்னில் இதே குறை பரவலாகத் தோன்றியபோது மேற்சொன்ன நுகர்வோர் சங்கம் 2020இல் இந்நாட்டில் முறைப்பாடு செய்தது. ஐரோப்பிய நுகர்வோர் அமைப்பும் வலியுறுத்தியதன்பின், உத்தரவாதக் காலம் கடந்தாலும் இலவசமாகத் திருத்தித் தருவதாக அந்நிறுவனம் 2023இல் ஒப்புக்கொண்டது. முறையிட்டவர்கள் இருந்தபடியால் நடந்தது அது.

“ஒரு வருஷ கரண்டி முடிஞ்சுது” என்று கடைக்காரர் சொன்னதும் தலையசைத்துத் திரும்புகிறவர்களே, தயவுசெய்து கேளுங்கள். அந்த ஒரு வருஷ உத்தரவாதம் உற்பத்தியாளர் தன் இஷ்டத்தில் கொடுத்தது. அதற்கு அப்பால் ‘கரோந்தி லெகால் து கொன்ஃபோர்மிதே’ என்ற சட்டபூர்வ உத்தரவாதம் இருக்கிறது. அதன் காலம் 2 வருஷம். பொறுப்பாளி விற்ற கடைக்காரர். உற்பத்தியாளருக்கு அனுப்புங்கள், சீனாவுக்கு எழுதுங்கள் என்று அவர் கைகாட்டினால் அது சட்டத்துக்கு விரோதம். புதிய பொருளில் அந்த 2 வருஷத்துக்குள் தோன்றும் குறை வாங்கும்போதே இருந்ததாகச் சட்டம் அனுமானிக்கிறது. வீழ்த்தி உடைத்தீர்கள் என்று சொல்ல விரும்பும் கடைக்காரர்தான் அதை நிரூபிக்க வேண்டும். கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் இந்த உத்தரவாதம் உண்டு; அனுமானம் மட்டும் 12 மாதத்தோடு முடிகிறது. திருத்துவதோ மாற்றித் தருவதோ 30 நாளுக்குள் நடக்க வேண்டும். நடக்காவிடில் பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். இவை யாவும் நுகர்வோர் சட்டக்கோவையின் எல் 217-3 முதலான பிரிவுகளில் உள்ளன. அந்த இலக்கத்தை உச்சரித்தால் சில கடைகளில் குரலே மாறிவிடும்.

இதற்கெல்லாம் ஆதாரம் பற்றுச்சீட்டு. 2023 ஆகஸ்ட் 1 முதல் இந்நாட்டில் கடைகள் சீட்டை வழமையாக அச்சிட்டுக் கொடுப்பதில்லை என்பது உண்மையே. ஆனால் சட்டபூர்வ உத்தரவாதமுள்ள மின்சாதனங்கள் அதற்கு விதிவிலக்கு. கேட்காமலே அச்சிட்டுத் தரவேண்டும். உத்தரவாதம் உண்டென்பதும் அதில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். “இப்ப சீட்டுக் குடுக்கிறதில்லை” என்று எவராவது சொன்னால் அங்கே வாங்காதீர்கள். கைக்கு வந்த சீட்டை அன்றைக்கே தொலைபேசியில் படமெடுத்து வையுங்கள். அந்த வழவழப்பான வெப்பத்தாள், குசினி அலுமாரியில் ஒரு கோடைகாலம் கிடந்தால் எழுத்து மங்கி வெறும் தாளாகிவிடும். சீட்டு தொலைந்தால் வங்கிக் கூற்று உதவக்கூடும். காசாகக் கொடுத்துச் சீட்டும் வாங்காதவருக்கு உதவ எவராலும் ஆகாது. இதை எத்தனை தரம் சொன்னாலும் போதாது.

இணையத்தில் வாங்கியவருக்குப் பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் காரணம் கூறாமலே திருப்பும் உரிமை உண்டு. கடைக்கு நேரில் போய் வாங்கியவருக்கு அது இல்லை, கடைக்காரர் மனமுவந்து மாற்றினாலொழிய. லுபொன்குவான் போன்ற இணையத் தளத்தில் தனிநபரிடம் வாங்கினால் மேற்சொன்ன 2 வருஷ உத்தரவாதமும் இல்லை. மறைகுறை இருந்ததென்று வாங்கியவரே நிரூபிக்கும் கடினமான வழிமட்டுமே மிஞ்சும். பெயர்பெற்ற எலீட்டை அறுபது யூரோவுக்குத் தருகிறார்கள் என்றால் அது போலியாக இருக்கக்கூடும். போலிப் பொருளை வைத்திருப்பதே சுங்கச் சட்டத்தில் குற்றம். பெட்டியைப் புரட்டி, சிஇ முத்திரையும், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பொறுப்பேற்கும் ஒருவரின் பெயரும் முகவரியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இவை கட்டாயம். உள்ளே லித்தியம் மின்கலம் இருப்பதால், பிள்ளையின் கட்டிலருகே இரவெல்லாம் மின்னேறும் பொருளுக்கு முகவரி அவசியம்.

பழுதானால் முதலில் கடைக்கு நேரில் போங்கள், கடைக்காரர் அசைந்தால் நல்லது. அசையாவிடில் மறுநாளே தபாற்கந்தோரில் பெறுகை ஒப்பத்துடன் கூடிய பதிவுக் கடிதம் அனுப்புங்கள். ஒரு பக்கம் போதும்: வாங்கிய திகதி, பொருளின் பெயரும் தொடரிலக்கமும், குறை இன்னதென்பது, எல் 217-3 பிரிவு, திருத்தமா மாற்றமா வேண்டுவது, 30 நாள் அவகாசம். சீட்டின் பிரதியை இணையுங்கள். மூலத்தை எக்காரணம் கொண்டும் அனுப்பாதீர்கள். மூலத்தைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வருபவர்கள் குறைவில்லாமல் இருக்கிறார்கள்.

கூடவே சிஞால் கொன்சோ என்ற அரச தளத்தில் முறையிடுங்கள். அது கடையைப் பரிசோதகர்களின் கண்ணுக்குக் கொண்டுவருமேயன்றி உங்கள் பணத்தை வசூலித்துத் தராது. சந்தேகம் கேட்க 0809 540 550 என்ற அரச இலக்கம் உண்டு. பிரெஞ்சு தெரிந்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழையுங்கள், ஏனெனில் வரிசெலுத்தும் குடியேறியவனின் மொழியில் ஒரு துண்டுப்பிரசுரமேனும் அச்சிட வேண்டுமென்ற சிரத்தை நம் உத்தியோகஸ்தர்களுக்கு இன்னும் பிறக்கவில்லை. ‘எல்லாம் இணையத்தில் இருக்கிறது’ என்பதே அவர்களுடைய தாரக மந்திரம்.

கடிதத்துக்கும் பலனில்லையெனில் இரண்டு வழிகள். ஒவ்வொரு வியாபாரியும் நுகர்வோர் மத்தியஸ்தர் ஒருவரைப் பெயர்குறித்து அறிவித்திருக்க வேண்டும்; அவரிடம் போவது வாங்கியவருக்கு இலவசம். அல்லது கொன்சிலியாத்தர் து ஜுஸ்தீஸ் என்னும் நீதிச் சமரசரை நாடலாம், அவரும் இலவசம். சமரசர்கள் பொதுவாக வட்டார நகரசபைக் கட்டடங்களில் சந்திப்பார்கள். லாச்சப்பல் பெருஞ்சாலைக்குத் தெற்கே, கை வீதி, பெர்தோனே வீதிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஃபோபூர் சாமார்த்தன் வீதி 72ஆம் இலக்கத்திலுள்ள 10ஆம் வட்டார நகரசபை. வடக்கே பஜோல் வீதிப் பக்கத்தவர்க்கு ஜூல் ஜொஃப்ரன் சதுக்கத்திலுள்ள 18ஆம் வட்டார நகரசபை. நாளும் நேரமும் அறிய 3039 இலக்கத்தை அழையுங்கள். 5000 யூரோவுக்கு உட்பட்ட பிணக்கில், இவ்விரண்டில் ஒன்றைச் செய்து பார்க்காமல் நீதிமன்றம் போனால் வழக்கை ஏற்காமலே தள்ளிவிடுவார்கள்.

அதன்பின் நீதிமன்றம். சட்டத்தரணி கட்டாயமன்று, மனுப்படிவமொன்று போதும். சாமான் வாங்க மட்டும் லாச்சப்பலுக்கு வந்து லாகூர்நெவிலோ பொபினியிலோ வசிப்பவர், கடை இருக்கும் இடத்து நீதிமன்றத்தையோ தன் வசிப்பிடத்து நீதிமன்றத்தையோ தெரிவுசெய்யலாம். பாரிஸ் நீதிமன்றமெனில் போர்த் து கிளிஷி மெட்ரோவில் இறங்க வேண்டும். சீட்டு, கடிதப் பிரதி, பதிவுத் தபாலின் இரு துண்டுகள், சமரசர் கொடுத்த சான்று ஆகிய இவற்றை ஒரே உறையில் வைத்திருங்கள்.

பெரும்பாலான கடைக்காரர்கள் பதிவுக் கடிதம் கைக்கு வந்ததும் கேம்பேடைத் திருத்தத்துக்கு வாங்கிக்கொள்வார்கள். அப்போது கொடுத்த திகதியையும், திரும்பப் பெறும்போது பெற்ற திகதியையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: திருத்தப்பட்ட பொருளுக்குச் சட்டபூர்வ உத்தரவாதம் மேலும் 6 மாதம் நீள்கிறது.