வனத்தின் விருந்தினர்

ஏப்பிரல் மாதம் பிறந்துவிட்டால் நுவரெலியா நகரம் விழாக்கோலம் பூண்டுவிடும். கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மக்கள் திரள்திரளாக மலையேறுவர். மலர்க் கண்காட்சியையும் குதிரைப் பந்தயத்தையும் கண்டு களித்து, கிரகரி வாவியில் படகோட்டி மகிழ்ந்து திரும்புவோர் பலர். அந்நகரைச் சூழ்ந்து நிற்கும் மலைகளில், உலகின் வேறெந்த நாட்டிலும் காண இயலாத உயிர்கள் வாழ்கின்றன என்பதை எண்ணிப் பார்ப்போர் முன்னர் சிலராகவே இருந்தனர். இப்பொழுது அச்சிலரின் தொகை பெருகி வருகிறது. பறவையைக் காணவும், மரையைக் காணவும், சிறுத்தையின் காலடித் தடத்தையேனும் காணவும் விடுமுறையைச் செலவிடுவோர் இன்று பலராயினர். இது மகிழ்ச்சிக்குரிய மாற்றமே. ஆயினும், காட்டைக் காண விழைவோர் பெருகப் பெருக, காண்பதற்குக் காடு எஞ்சி நிற்குமா என்ற வினாவும் உடன் எழுகின்றது.

மழைக்காடு என்றவுடன் தெற்கேயுள்ள சிங்கராஜ வனமே பலருக்கு நினைவுக்கு வரும். மலைநாட்டின் முடியில் நிற்பதும் மழைக்காடுதான். அதன் தோற்றமே வேறு. ஐயாயிரம் அடிக்கு மேலே காற்றும் குளிரும் மரங்களை வானளாவ வளர விடுவதில்லை. அவை குறுகி, கிளை முறுகி, குடை விரித்தாற்போல நிற்கின்றன. அடிமரம் முதல் நுனிக்கொம்பு வரை பாசி படர்ந்திருக்கும். முகில்கள் இம்மரங்களினூடே புகுந்து செல்லும்போது இலைகளும் பாசியும் அவற்றிலுள்ள நுண்ணிய நீர்த்துளிகளைத் தடுத்துச் சேர்த்துக் கொள்கின்றன. மழை பெய்யாத நாளிலும் மரத்தடியில் நீர் சொட்டுவதைக் காணலாம். அந்நீரை மண் உறிஞ்சி வைத்திருந்து, ஊற்றாகவும் ஓடையாகவும் சிறிது சிறிதாக வெளிவிடுகின்றது. திருகோணமலைக்கு அருகே கடலில் கலக்கும் மகாவலி, கொழும்பினருகே கலக்கும் களனி, தெற்கே பாயும் வளவை ஆகிய மூன்று பேராறுகளுக்கும் ஹோர்ட்டன் சமவெளியும் அதனை அடுத்த மலைகளும் நீர் தருகின்றன. பொலன்னறுவையில் நாற்று நடும் உழவனுக்கும் தலைநகரிற் குழாயைத் திறக்கும் இல்லத்தரசிக்கும் இக்காட்டோடு உறவு உண்டு. 2010ஆம் ஆண்டில், சிவனொளிபாத மலைக்காடு, ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மலைக்காடு ஆகிய மூன்றையும் சேர்த்து யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுரிமைச் சொத்தாக அறிவித்தது.

இக்காடுகள் எஞ்சியிருப்பதே ஒரு வியப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைநாட்டின் சரிவுகள் கோப்பிக்காக வெட்டி வெளியாக்கப்பட்டன. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின், அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக் கொண்டது. காட்டை வெட்டிய கைகள் தமிழகத்திலிருந்து வந்த ஏழைத் தொழிலாளரின் கைகள். வெட்டச் சொன்ன வாய் வேறு. அதே காலத்தில் வேட்டையும் விளையாட்டாக நடந்தது. 1845இல் ஊவா மலைப்பகுதியில் இடிவிழுந்து மாண்ட மேஜர் ரொஜர்ஸ் என்பவர், 1400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்று கூறுவர். நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர், நாய்க் கூட்டத்தை ஏவி மரைகளை வேட்டையாடினார். ஹோர்ட்டன் சமவெளியிலுள்ள அழகிய அருவி ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. யானைகளோ அச்சமவெளியில் இன்று இல்லை. 1873இல் இங்கிலாந்தின் கியூ தாவரத் தோட்டத்து அறிஞர் ஜோசப் ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடலாகாது என்று அறிவுரை கூறினார். அரசு அதனை ஏற்றது. அன்று அவ்வறிவுரை புறக்கணிக்கப்பட்டிருப்பின், இன்று காண்பதற்கு அங்கே தேயிலையன்றி வேறொன்றும் இராது.

ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாயிற்று. கடல் மட்டத்திலிருந்து 2100 மீற்றருக்கு மேல், ஏறத்தாழ 3160 ஹெக்டேயர் பரப்பில் புல்வெளியும் முகிற்காடும் மாறிமாறி விரிந்து கிடக்கும் நிலம் அது. பட்டிப்பொல வழியாகவோ ஒகிய வழியாகவோ அங்கே செல்லலாம். வைகறையிற் செல்வதே சிறப்பு. ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர் நீளமுள்ள வட்டப் பாதையில் நடந்தால், எண்ணூறு மீற்றருக்கும் அதிகமான செங்குத்துப் பள்ளமாகிய உலக முடிவையும் பேக்கர் அருவியையும் காணலாம். காலை ஒன்பது, பத்து மணியளவில் மூடுபனி எழுந்து பள்ளத்தாக்கை மறைத்துவிடும். ஆயினும் பள்ளத்தை மட்டும் பார்த்துவிட்டு ஓடி வருபவர் சமவெளியைப் பார்த்தவராகார். ஓடைக்கரையில் கால்மணி நேரம் வாய்திறவாது அமர்ந்திருப்பவருக்கே இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவி காட்சி தரும். நீலநிறமும் நாணமும் கொண்ட அப்பறவை இந்நாட்டின் மலைக்காடுகளுக்கே உரியது. மஞ்சட்செவிக் கொண்டைக்குருவியும் மங்கிய நீல ஈப்பிடிப்பானும் அத்தகையனவே. உரக்கப் பேசிச் செல்லும் கூட்டத்துக்கு இவற்றுள் ஒன்றும் தென்படாது.

இங்கேதான் பொறுப்பு என்னும் சொல் பொருள்பெறத் தொடங்குகிறது. பூங்காவின் ஃபார் விடுதியருகே மரைகள் மனிதரை அஞ்சாது வந்து நிற்பதுண்டு. குழந்தைகள் கையிலிருக்கும் பாணையும் பிஸ்கட்டையும் நீட்ட, மரை வாங்கித் தின்னும். பார்ப்பதற்கு அது அன்பின் காட்சியாகத் தோன்றும். உண்மை வேறு. புல்லையும் தழையையும் செரிக்கும் வயிறு அது. உப்புச் சுவையை நாடிப் பொலித்தீன் உறையையும் சேர்த்து விழுங்கும் மரையின் வயிற்றில் அவ்வுறை திரண்டு அடைத்துக் கொள்கின்றது. இரை நிறைந்த வயிற்றோடு அவ்விலங்கு பட்டினியால் மடிகின்றது. சிறிய பிழையின் விளைவு அத்தோடு நிற்பதில்லை. சிந்திய சோற்றையும் எறிந்த எச்சிலையும் நாடிக் காகங்கள் மலையேறி வந்தன. உணவு குறைந்த வேளைகளில் அவை மரக்கிளைகளிலுள்ள ஓணான்களைக் கொத்தித் தின்னத் தலைப்பட்டன. மூக்கின்மேல் வெண்ணிறக் கொம்பு தாங்கிய கொம்பு ஓணான் இலங்கை மலைநாட்டுக்கே உரியது, மெல்ல நகர்வது, காகத்துக்குத் தப்பி ஓடத் தெரியாதது. ஒரு பிடி சோற்றை எறிந்தவர் ஓணானைக் கண்டிருக்கவும் மாட்டார். அதன் அழிவுக்குத் தாமும் ஒரு காரணம் என்று கனவிலும் கருதார். பூங்காவின் வாயிலில் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தார் பைகளைச் சோதித்துப் பொலித்தீனை அகற்றுவது இதனை எண்ணியே. அச்சோதனையைத் தொல்லையெனக் கருதி முகஞ்சுளித்தல் தகாது.

காணக் கிடைக்காத உயிரும் ஒன்று உண்டு. ஹோர்ட்டன் சமவெளித் தேவாங்கு என்னும் சிறு விலங்கு, அற்றுப் போயிற்றென்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆய்வாளர் பல இரவுகள் தேடியலைந்தபின் அதனைக் கண்டு எடுத்த நிழற்படம் 2010இல் உலகுக்கு வெளியாயிற்று. கூரிய மின்விளக்கை நேரே பாய்ச்சினால் தேவாங்கின் பெரிய கண்கள் கூசிக் குருடுபோலாகும். எனவே இரவில் அதனைத் தேடிக் காட்டுக்குள் நுழைவதைச் சுற்றுலாப் பயணியர் விட்டொழித்தல் வேண்டும். அங்கே அது வாழ்கின்றது என்று அறிந்து மகிழ்வதும் ஒரு காட்சிதான்.

நெடுந்தூரம் நடக்க இயலாத முதியோர் மனந்தளர வேண்டுவதில்லை. நுவரெலியா நகர நடுவிலுள்ள விக்டோரியா பூங்காவில், குளிர்காலத்தில், வடக்கே இமயத்தின் அடிவாரத்திலிருந்து வரும் ஆறுமணிக் குருவியையும் காசுமீரத்து ஈப்பிடிப்பானையும் காணலாம். நகரை ஒட்டிய கல்வேஸ் லேண்ட் தேசியப் பூங்கா சிறியதெனினும் பறவைகளுக்குப் புகழ்பெற்றது. பறவையைக் கிட்ட வரவழைக்கக் கைத்தொலைபேசியிற் பதிந்த அதன் குரலை ஒலிக்கச் செய்யும் பழக்கம் இப்பொழுது பரவியுள்ளது. தன் எல்லைக்குள் எதிரி புகுந்தான் என்றெண்ணி அப்பறவை இரைதேடலை விட்டு, கூட்டை விட்டுப் பதறிப் பறந்து வருகின்றது. ஒருவர் செய்தால் அது ஒருநாட் கலக்கம். நாடோறும் பலர் செய்தால் அக்கூட்டில் குஞ்சு பொரிப்பதெங்ஙனம்?

இனி, ஹட்டன் பக்கம் செல்வோம். மஸ்கெலியா வழியாக நல்லதண்ணியை அடைந்து சிவனொளிபாத மலையேறும் அடியார்கள், மார்கழி முதல் வைகாசி வரை இரவெல்லாம் விளக்கொளியிற் படியேறுவர். நான்கு சமயத்தாரும் போற்றும் அம்மலையைச் சுற்றிலும் அடர்ந்த காடு. அக்காட்டின் விளிம்பிலிருந்து தேயிலை தொடங்குகின்றது. மலைமுகடுகளிலும் ஓடைக்கரைகளிலும் எஞ்சிய சிறு காட்டுத் துண்டுகள் தேயிலைக்கு நடுவே தீவுகள்போல நிற்கின்றன. அத்தீவுகளிடையே சிறுத்தை இரவில் நடமாடுகின்றது. தானியங்கி நிழற்படக் கருவிகளைப் பொருத்தி ஆராய்ந்தோர், கொழுந்து பறிப்போர் பகலில் நடக்கும் அதே ஒற்றையடிப் பாதைகளிற் சிறுத்தை இரவில் நடப்பதைக் கண்டறிந்துள்ளனர். புலியும் சிங்கமும் இல்லாத இந்நாட்டில் காட்டின் தலைமகன் சிறுத்தையே.

2020ஆம் ஆண்டு மே மாத இறுதியில், லக்சபான அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தை அடுத்த மரக்கறித் தோட்டத்தில், அரிதினும் அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் அகப்பட்டது. காட்டுப்பன்றிக்கென வைத்த சுருக்கு அது. அதிகாரிகள் அதனை உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுசென்று மருத்துவம் செய்தனர். சில நாட்களில் அது இறந்தது. நாடெங்கும் மக்கள் வருந்தினர். ஆயினும், அச்சுருக்குகள் ஏன் வைக்கப்படுகின்றன என்று எண்ணியவர் எத்துணைப் பேர்? லயத்துக் குடும்பம் ஒன்று நாட்கூலியோடு சேர்த்துச் சிறிது மரக்கறி பயிரிட்டு வாழ்கின்றது. ஒரே இரவிற் பன்றிக்கூட்டம் அதனை உழுது போட்டுவிட்டால் அக்குடும்பத்தின் மாதச் செலவே தடுமாறும். சுருக்கு வைத்தல் சட்டப்படி குற்றம், அதில் ஐயமில்லை. ஆனால், காடு தனக்கு இழப்பை மட்டுமே தருவது என்று கருதும் மனிதனிடம் காட்டைக் காப்பாற்று என்று கூறுவது வெறும் உபதேசமாகவே முடியும்.

சுற்றுலாப் பயணி உதவக்கூடிய இடம் இதுவே. சிறுத்தையையும் பறவையையும் காண வருபவரின் பணம் பெருநகர விடுதிக்கே சென்றுவிடுமாயின், லயத்தில் வாழ்பவருக்கு அச்சிறுத்தையால் அச்சமன்றி வேறு பயனில்லை. அப்பகுதி இளைஞரையே வழிகாட்டியாக அமர்த்தி, உரிய கூலி கொடுத்து, அவ்வூர்க் கடையிலேயே தேநீரருந்தி, அவ்வூர் வீட்டிலேயே தங்கினால், உயிரோடு உலவும் சிறுத்தை அவ்வூருக்கு ஒரு செல்வமாகும். கண்டியருகே ஹந்தானையிற் றொடங்கி ஹட்டன், அப்புத்தளை, எல்ல முதலிய ஊர்களின் வழியே நுவரெலியா வரை, 300 கிலோமீற்றருக்கு மேல் தேயிலைத் தோட்டங்களினூடே செல்லும் பீக்கோ நடைபாதை இத்தகைய வாய்ப்புகளைத் தோட்டத்து மக்களின் வாயிலுக்கே கொண்டுவந்துள்ளது. இவ்வழியிற் செல்வோர் மற்றொன்றும் நினைவிற் கொள்ள வேண்டும். கூடை சுமந்து சரிவில் நிற்கும் பெண், வனவிலங்கைப் போல் வேடிக்கை பார்க்கும் பொருளல்லள். வணக்கம் கூறி, இசைவு பெற்ற பின்னரே அவரை நிழற்படமெடுத்தல் பண்பாகும்.

குறிஞ்சியின் உறவாகிய நெலு மலர், ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இம்மலைகளில் ஒருங்கே பூத்துக் குலுங்கும். அவ்விதைகளை உண்ணக் காட்டுக்கோழிகள் கூடும். பூத்த செடி விதை உதிர்த்து மடியும். அவ்விதையே அடுத்த தலைமுறைக்குரிய முதல். ஒரு கொத்தைப் பறித்துக் கூந்தலிற் சூடுபவர், பன்னிரண்டு ஆண்டுக்கால உழைப்பை ஒரு பிற்பகலில் வாடவிடுகிறார்.

தமிழருக்கு விருந்தோம்பலைக் கற்பிக்க வேண்டுவதில்லை. விருந்தினருக்கும் ஒழுக்கம் உண்டென்பதை அவர்கள் அறிவர். நல்ல விருந்தினர் நேரமறிந்து வருவர், மெல்லப் பேசுவர், வீட்டாரின் பொருளைத் தொடார், குழந்தைகளின் உறக்கத்தைக் கலைக்கார், எச்சிலை விட்டுச் செல்லார், மறுமுறையும் வருக என்று வீட்டார் மனமுவந்து கூறும்படி விடைபெறுவர். காட்டுக்குச் செல்பவர் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுக்கமும் அதுவே. இம்முறை நுவரெலியாவுக்கும் ஹட்டனுக்கும் செல்லும் நேயர்கள், தம் பிள்ளைகளை ஒருநாட் காலை காட்டின் விளிம்பிலே சிறிது நேரம் மௌனமாக நிறுத்தி வைப்பார்களாக. அங்கே ஒரு பறவை கூவினால் அது போதும். அக்குரலைக் கேட்ட பிள்ளை, வளர்ந்தபின் அக்காட்டை வெட்ட ஒருப்படாது.