சுவரைத் தாண்டும் வைஃபை, வேகமான வைஃபை

வீட்டு இணைய இணைப்பு உள்ளவர்களின் கைபேசியில் பெரும்பாலும் ஒரே ரவுட்டரின் பெயர் இரண்டாகத் தெரியும். ஒன்றின் வாலில் ‘5ஜி’ என்று ஒட்டியிருக்கும். கைபேசி நிறுவனங்கள் விற்கும் ஐந்தாம் தலைமுறைச் சேவைக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் பேசுகிறது என்பது மட்டுமே பொருள். மற்றது 2.4 கிகாஹெர்ட்ஸ். கூடத்தில் இருக்கும்வரை 5 பறக்கிறது. இரண்டு சுவர் தாண்டி உள்ளறைக்குப் போனால் அது சோர்ந்துவிடுகிறது, 2.4 மெதுவாகவேனும் கூடவே வருகிறது.

அதிர்வெண் கூடினால் வேகமும் கூடும் என்றுதான் பலர் இதற்குக் காரணம் சொல்வார்கள். ஆனால் எல்லா ரேடியோ அலைகளும் செல்வது ஒளியின் வேகத்தில்தான். ஒரு விநாடியில் அதிகபட்சம் எவ்வளவு தகவல் அனுப்ப முடியும் என்பதை 1948-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் ஒரு சின்னச் சூத்திரத்தில் அடக்கினார். அதில் அதிர்வெண்ணுக்கு இடமே கிடையாது. இருப்பவை இரண்டு: எவ்வளவு அகலமான அலைக்கற்றை கையில் இருக்கிறது, வந்து சேரும் சமிக்ஞை இரைச்சலைவிட எத்தனை மடங்கு வலுவாக இருக்கிறது. வீட்டு வைஃபையின் எல்லாப் புதிர்களும் இந்த இரண்டில் அடக்கம்.

முதலில் அகலம். 2.4 பட்டையில் வைஃபைக்குக் கிடைப்பது மொத்தமே 83.5 மெகாஹெர்ட்ஸ். ஓர் இணைப்புக்கு 20 மெகாஹெர்ட்ஸ் என்று பிரித்தால், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் நிற்பவை 1, 6, 11 என்ற மூன்று சேனல்கள்தான். அந்த இடத்திலேயே புளூடூத்தும் ஓடுகிறது. மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில் இரைகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் பல நூறு மெகாஹெர்ட்ஸ் இருப்பதால் ஒரு ரவுட்டர் 80 மெகாஹெர்ட்ஸை மொத்தமாக எடுத்துக்கொள்ள முடிகிறது. நான்கு மடங்கு அகலம், ஏறக்குறைய நான்கு மடங்கு தகவல். மேலே இடம் இருக்கிறது. வேகத்துக்குக் காரணம் அதுதான்.

அப்படியானால் தூரம் ஏன் குறைகிறது? உயர் அதிர்வெண் அலையைக் காற்று தின்றுவிடுகிறது என்று நினைக்கத் தோன்றும். திறந்த வெளியில் இரண்டு அலைகளும் ஒரே மாதிரிதான் விரிந்து பரவுகின்றன. வித்தியாசம் வாங்கும் இடத்தில் இருக்கிறது. ஆன்டெனாவின் அளவை அலைநீளம் தீர்மானிக்கிறது. 2.4-இன் அலைநீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், 5.5 கிகாஹெர்ட்ஸில் அது ஐந்தரைக்கும் குறைவு. ஒரே மழைதான் பெய்கிறது, ஆனால் அண்டாவில் சேரும் தண்ணீர் சொம்பில் சேராது. சேகரிக்கும் பரப்பு அலைநீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், சிறிய ஆன்டெனாவுக்குக் கிடைக்கும் ஆற்றல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். சுவருக்கு முன்பே இவ்வளவு இழப்பு. அதற்குப் பிறகுதான் செங்கல்லும் கான்கிரீட்டும் தம் பங்கை எடுக்கின்றன. அவை 5-இடமிருந்து கூடுதலாகவே எடுக்கின்றன. மரக்கதவில் அவ்வளவு வேறுபாடு இல்லை.

வேகத்துக்கும் தூரத்துக்கும் இடையிலான இந்தக் கொடுக்கல் வாங்கலின் எல்லையைப் பார்க்க வேண்டுமென்றால் திருநெல்வேலி மாவட்டத்துக்குப் போகலாம். விஜயநாராயணம் அருகே, கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம் 1990 முதல் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பி வருகிறது. அதிர்வெண் வெறும் 18.2 கிலோஹெர்ட்ஸ். ஓர் அலையின் நீளமே பதினாறு கிலோமீட்டருக்கு மேல்! வைஃபை அலை கடல்நீருக்குள் சில சென்டிமீட்டரில் செத்துவிடும். இதுவோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, நீருக்குள்ளும் பல மீட்டர் இறங்குகிறது. ஆனால் அந்த ஒடுக்கமான கற்றையில் குரல்கூடப் போகாது. சுருக்கமான எழுத்துச் செய்தி மட்டுமே போகும். மறுமுனையில் 60 கிகாஹெர்ட்ஸ் வைஃபை நிற்கிறது. ஒரு சேனலே 2,160 மெகாஹெர்ட்ஸ் அகலம். விநாடிக்குப் பல கிகாபிட் அள்ளித் தரும். குறுக்கே ஓர் ஆள் நின்றாலே இணைப்பு துண்டிக்கப்படலாம்.

தூரம் போவதை எப்போதும் நல்லதாகவே எண்ணிவிடுகிறோம். அடுக்ககங்களில் நிலைமை வேறு. ரவுட்டர் பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்கும். அதே சேனலில் வேறு யாராவது பேசிக்கொண்டிருந்தால் காத்திருக்கும். நம்முடைய 2.4 பக்கத்து வீட்டுக்குப் போவதுபோல், மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு எல்லோருடையதும் நம் வீட்டுக்கு வருகிறது. எல்லோரும் எல்லோருக்காகவும் காத்திருக்கிறார்கள். 5 கிகாஹெர்ட்ஸ் சுவரில் அடங்கிவிடுவதால் அதே சேனலை அடுத்த வீடு நிம்மதியாகப் பயன்படுத்த முடிகிறது. நெருக்கமான குடியிருப்பில் அலை தூரம் போகாதது ஒரு வரம் என்றே சொல்வேன்.

ஆகவே ரவுட்டரை டிவிக்குப் பின்னாலும் இரும்பு அலமாரிக்குள்ளும் ஒளித்து வைக்காதீர்கள். வீட்டின் நடுவில், தலைக்கு மேலான உயரத்தில் வையுங்கள். டிவியும் மடிக்கணினியும் 5-இல் இருக்கட்டும். கொஞ்சமாகத் தகவல் அனுப்பும் ஸ்மார்ட் பல்பு, வாசல் மணி போன்றவற்றுக்கு 2.4 போதும். எட்டாத அறைக்கு ரிப்பீட்டர் வாங்குவதைவிட, ஒரு லேன் கேபிள் இழுத்து அங்கே இன்னொரு வைஃபை கருவி வைப்பதே மேல். ஒரே சேனலில் வாங்கி அதே சேனலில் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்கிவிடும். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் வயரிங் பைப் பதிக்கும்போதே அறைக்கு ஒரு லேன் கேபிளுக்கும் வழி விடச் சொல்லுங்கள். பூச்சு முடிந்த சுவரை உடைப்பதைவிட அது மிகவும் மலிவு.